ஓடும் வண்டியும் மடிக் குழந்தையும்

விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் எதையெதைக் கட்டுவது என்ற ஆலோசனை ஆரம்பமாகிவிடும். கட்டுச்சோறு கட்டுவோம், துணிமணிகளை மூட்டை கட்டுவோம், பெட்டிகளை வானின் கூரையில் ஏற்றிக் கயிறிட்டு இறுகக் கட்டுவோம். ஒரு வாளி தளர்ந்து ஆடினாலும் வண்டியை நிறுத்தி முடிச்சைச் சரிபார்ப்போம். ஆனால் குழந்தையைக் கட்டி உட்கார வைப்பது என்றால் மட்டும் நமக்கு மனம் ஒப்புவதில்லை. "பச்சைப் பிள்ளையைக் கட்டுவதா?" என்று கேட்டு, அதை மடியில் வாரி வைத்துக்கொள்கிறோம். கட்டாத பொருள் அந்த வண்டியில் அது ஒன்றே என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

இதை மற்றவர்களைக் குறை சொல்வதற்காக நாம் எழுதவில்லை. இந்தத் தவறைச் செய்தவர்களுள் நாமும் ஒருவர். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம்.

எமது மூத்த சகோதரி மாத்தளையில் வசிப்பவர். அவருடைய மகன் கனடாவில், ரொறன்ரோ நகரில் இருக்கிறார். மணமாகிப் பல ஆண்டுகள் பிள்ளைப்பேறின்றி இருந்த அத்தம்பதிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேத்தி பிறந்தால் வஹகோட்டைப் புனித அந்தோனியார் ஆலயத்துக்குக் கொண்டுவந்து காட்டுவதாகச் சகோதரி நேர்ந்திருந்தார். ஆகவே, ஒன்பது மாதக் குழந்தையுடன் மகனும் மருமகளும் விடுமுறைக்கு வந்தபோது, கட்டுநாயக்காவில் இறங்கி நேரே வஹகோட்டைக்குச் சென்று, நேர்த்திக்கடனை நிறைவேற்றிய பின்னரே வீடு செல்வது என்று முடிவாயிற்று. நாமும் உடன் சென்றோம்.

வஹகோட்டையை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவுக்கு அணித்தாயுள்ள சிற்றூர் அது. கண்டி இராச்சியத்துடன் நடந்த போர்களில் சிறைப்பட்ட போர்த்துக்கேயரைக் கண்டி மன்னர் குடியமர்த்திய இடம் என்று வரலாறு கூறும். இன்று கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவரும் பௌத்தரும் கூட அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். பிள்ளை வரம் வேண்டிச் செல்வோரும், பெற்ற பிள்ளையைக் கொண்டுசென்று காட்டுவோரும் பலர்.

விமான நிலைய வாசலில் ஒரு வழக்கு

விமான நிலையத்தில் பெட்டிகளோடு பெட்டியாக ஒரு விநோதப் பொருளும் வந்தது. கைப்பிடி வைத்த கூடை போன்ற வடிவம், உள்ளே மெத்தை, மெத்தையின் மேல் தோளுக்கும் இடுப்புக்கும் காலிடுக்குக்கும் பட்டிகள். காரில் சிசுக்களை இருத்துவதற்குரிய ஆசனம் அது. "இதில்லாவிட்டால் அங்கே பிரசவ வைத்தியசாலையிலிருந்து பிள்ளையைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவரவே இயலாது, மாமி" என்றார் மருமகள்.

சகோதரி ஒன்றும் பேசவில்லை. ஒன்பது மாதம் கைபேசித் திரையில் மட்டும் கண்ட பேத்தியை அப்போதுதான் முதன்முறையாகத் தூக்கியிருந்தார். அதை உடனே இறக்கி ஒரு கூடையில் வைத்துக் கட்டு என்றால் எந்தப் பாட்டிக்குத்தான் மனம் வரும்?

வானில் அந்த ஆசனத்தைப் பொருத்துவது வேறொரு பெரிய காரியமாயிற்று. வாடகை வான், இருக்கைகளுக்கு அழகான உறை தைத்துப் போட்டிருந்தார்கள். பின்னிருக்கைகளின் பட்டிகளும் கொளுக்கிகளும் அந்த உறைக்குள் புதைந்து கிடந்தன. "இதுவரை யாரும் கேட்டதில்லை ஐயா" என்று சாரதி உண்மையைச் சொன்னார். உறையைக் கழற்றிப் பட்டியை வெளியே எடுத்து, ஆசனத்தின் கீழே கோத்து இறுக்கி முடிக்க அரை மணி நேரம் சென்றது. மருமகன் முழங்காலால் ஆசனத்தை அழுத்திக்கொண்டு வியர்க்க விறுவிறுக்கப் பட்டியை இழுப்பதைக் கண்டு, "நான் நாலு பிள்ளைகளை மடியில் வைத்துத்தான் வளர்த்தேன் மகன். ஒன்றும் விழவில்லை" என்றார் சகோதரி. "அப்போது நீங்கள் பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் போனீர்கள் அம்மா" என்றார் மகன்.

வண்டி மீரிகமவில் அதிவேகப் பாதையில் ஏறிற்று. குருநாகல் வரையிலான அப்பாதை 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் சாதாரணம். குழந்தை வண்டியின் பின்புறத்தை நோக்கிய அந்த ஆசனத்தில் பத்தே நிமிடத்தில் உறங்கிவிட்டது. குருநாகலில் இறங்கித் தேநீர் அருந்தினோம். குழந்தையையும் எடுத்துச் சிறிது நேரம் பாயில் கிடத்தி விளையாட விட்டார்கள். பின்னர் இப்பாகமுவ, மெல்சிரிபுர, கலேவெல என்று வழி சென்றது. ஒரு குறையுமின்றி வஹகோட்டையை அடைந்தோம்.

ஆலயத்தில் சகோதரி பேத்தியை இரு கையாலும் உயர்த்திப் பீடத்தின் முன் காட்டினார். அந்தோனியாரின் சுரூபம் எங்கும் ஒரே விதமாகத்தான் இருக்கும். கையில் குழந்தை இயேசு அமர்ந்திருப்பார். வெளியே வந்ததும் சகோதரி எம் காதருகில் சொன்னார்: "பார்த்தாயா? அந்தோனியாரே பிள்ளையைக் கையில்தான் வைத்திருக்கிறார். கூடையில் போட்டுக் கட்டவில்லை."

எல்லாரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஓர் இசைவும் கலந்திருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

எமது தவறு

மாத்தளைக்குத் திரும்பும் வழி வளைவும் மேடுபள்ளமுமாயிருந்தது. மாலை நேரம், குழந்தைக்குப் பசியும் களைப்பும். ஆசனத்தில் வைத்ததும் வீரிட்டு அழ ஆரம்பித்தது. மருமகள், "வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், பால் கொடுத்துவிட்டுப் போவோம்" என்றார். அப்போது, "இன்னும் கொஞ்சத் தூரந்தானே, இருட்டுமுன் போய்விடலாம், பிள்ளையை எடுத்துப் பாட்டியின் மடியில் வையுங்கள்" என்று சொன்னது வேறு யாருமல்ல, நாமே. வயதில் மூத்தவர் சொல்லை மறுக்க மருமகளுக்கு நா எழவில்லை. பட்டி கழன்றது, குழந்தை மடிக்கு வந்தது, அழுகையும் நின்றது. எமது யோசனை சரியென்று நிரூபணமாகிவிட்டதாகவே நாம் எண்ணினோம்.

ஐந்து நிமிடம் சென்றிருக்கும். பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திடீரென்று பாதையில் ஏறிற்று. சாரதி பிரேக்கை ஓங்கி மிதித்தார். வேகம் 40 கிலோமீற்றருக்கு மேல் இராது. மோதலும் இல்லை, மோட்டார் சைக்கிள்காரர் தப்பிப் போய்விட்டார். ஆனால் அந்தக் கணத்தில் சகோதரியின் ஒரு கை பால் போத்தலை வாங்க நீண்டிருந்தது. மற்றக் கையின் பிடியிலிருந்து குழந்தை வழுகிப் பறந்து, முன்னிருக்கையின் முதுகில் முகம் மோதிக் கீழே விழுந்தது. ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகுதான் அழுகை வந்தது. மேலுதடு கிழிந்து இரத்தம்.

வழியிலுள்ள வைத்தியசாலை ஒன்றுக்கு ஓடினோம். வைத்தியர் தலையையும் கண்களையும் நன்கு பரிசோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்றும், வாந்தியோ அளவு மீறிய உறக்கமோ கண்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். இறைவன் செயலால் அப்படி ஒன்றும் நேரவில்லை. உதட்டுக் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

ஆறாதது வேறொன்று. அன்றிரவு சகோதரி உறங்கவில்லை. விளக்கடியில் உட்கார்ந்து தம் இரு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கை விட்டுவிட்டதே" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மருமகளும் ஒரு குறையும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். சொல்லியிருக்க வேண்டியது எமக்கு அல்லவா?

கைக்கு எவ்வளவு பலம்?

சகோதரிக்கு ஆறுதல் சொல்வதற்காகவே மறுநாள் மருமகன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய எளிய கணக்கு அது. மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். அந்த வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோ நிறையுள்ள குழந்தையை அதே நேரத்தில் நிறுத்துவதற்கு வேண்டிய விசை, ஏறக்குறைய 110 கிலோ பாரத்தைத் தாங்கும் விசையாகும். அதாவது, இரண்டு அரிசி மூடைகளுக்கும் மேலான பாரம் கண்மூடித் திறக்குமுன் கையில் வந்து விழுகிறது. எந்தப் பயில்வானாலும் அதைப் பிடித்து நிறுத்த இயலாது.

வேறு விதமாகவும் சொல்லலாம். 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும். அதிவேகப் பாதையின் 100 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 40 மீற்றர். மூன்றாம் மாடியின் ஓரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவோமா?

மடியில் வைத்திருப்பவர் தாமும் பட்டி அணியாதவரானால் நிலைமை இன்னும் மோசம். அவருடைய உடற்பாரம் முழுவதும் குழந்தையை முன்னிருக்கையோடு வைத்து நசுக்கும். "அப்படியானால் ஒரே பட்டியை எமக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமே" என்று நினைப்பவரும் உண்டு. அதுவும் ஆபத்தே; பெரியவரின் பாரம் பட்டிக்கும் தமக்குமிடையே குழந்தையை நெரித்துவிடும். மார்பில் குழந்தையைக் கட்டிச் சுமக்கும் துணிப்பையும் நடப்பதற்கு உதவுமேயன்றி வண்டிக்கு உதவாது.

கணக்கைக் கண்ட சகோதரி, "அப்படியென்றால் இது என் கையின் குற்றமில்லையா?" என்று கேட்டார். "இல்லை அம்மா. யார் கையாக இருந்தாலும் இதுதான்" என்றார் மகன். அதன் பின்னரே அவர் சாப்பிட்டார்.

பின்னோக்கி இருப்பது ஏன்?

குழந்தையின் முகத்தை வண்டியின் பின்புறம் திருப்பி வைப்பது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். சுவீடன் நாட்டு வைத்திய நிபுணர் பெர்டில் ஆல்ட்மன் 1960களில் இதை ஆராய்ந்தார். விண்வெளி வீரர் புறப்பாட்டின் பெருவிசையைத் தாங்குவதற்காக மல்லாந்த நிலையில் முதுகால் அதை ஏற்பதைக் கண்டு, அதே வழி குழந்தைக்கும் பொருந்தும் என்று அவர் கருதினார். 1964இல் முதல் மாதிரி ஆசனம் சோதிக்கப்பட்டது.

காரணம் இதுதான். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. கழுத்தெலும்புகளோ இன்னும் முற்றாக இறுகாதவை. முன்னோக்கி இருக்கும் குழந்தையின் உடலைப் பட்டி பிடித்துக்கொண்டாலும், கனத்த தலை முன்னே பாயும். மெல்லிய கழுத்து அந்த இழுப்பைத் தாங்காது. பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு யாவும் ஆசனத்தின் முதுகில் ஒருசேர அழுந்தி விசையைப் பகிர்ந்துகொள்ளும். ஆகவே, ஆசனத்தில் குறித்துள்ள நிறையும் உயரமும் இடங்கொடுக்கும் வரை குழந்தையைப் பின்னோக்கியே இருத்துவது நலம் என்று குழந்தை வைத்தியர்கள் கூறுகிறார்கள். கால் மடங்கியிருக்கிறதே என்று இரங்கி அவசரப்பட்டுத் திருப்ப வேண்டியதில்லை.

அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்புத் துறை கண்ட கணக்கின்படி, சரியாகப் பொருத்திய ஆசனம் கார் விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களின் மரணத்தை 71 வீதமும், 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளின் மரணத்தை 54 வீதமும் குறைக்கிறது. அந்நாட்டில் முதன்முதலாக 1978இல் டென்னசி மாநிலத்தில் இது சட்டமாயிற்று. பிரித்தானியாவில் பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை, அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை ஆசனம் வேண்டும். இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பட்டியிலோ குழந்தைக்குரிய ஆசனத்திலோ இருத்தாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. நம் நாட்டில் 2011இல் சாரதியும் முன்னிருக்கையில் இருப்பவரும் பட்டி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சி முன்னே பட்டி அணியும் நாம், பின்னே பாட்டியின் மடியில் பிள்ளையை விட்டுவிடுகிறோம்.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு

விடுமுறைக்கு வரும் உறவினர் இதை வாசிப்பாராயின், சில குறிப்புகள் பயன்படும்.

விமானத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துச் செல்ல அனுமதி உண்டு. தனி இருக்கைக்குப் பணம் கட்டினால், ஆசனத்தை அங்கேயும் பொருத்தலாம். ஆனால் அது விமானத்துக்கு ஏற்றதென்ற வாசகம் ஆசனத்திலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அகலமும் விமான இருக்கைக்குள் அடங்க வேண்டும். முன்கூட்டியே விமானக் கம்பனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டிகளோடு அனுப்புவதானால் தடித்த பையில் இட்டுச் சுற்றிலும் துணி திணித்து அனுப்புங்கள். இறங்கியதும் ஓட்டில் வெடிப்பு உண்டா, பட்டி கிழிந்துள்ளதா, கொளுக்கி 'கிளிக்' என்று பூட்டுகிறதா என்று பாருங்கள்.

வான் பேசும்போது வாடகையைப் பேசுமுன் பட்டியைப் பேசுங்கள். "பின்னிருக்கையில் பட்டி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா, உறைக்கு வெளியே எடுத்து வைப்பீர்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஓடும் பழைய வான்கள் சிலவற்றில் இடுப்புப் பட்டி மட்டுமே உண்டு. சில ஆசனங்களை இடுப்புப் பட்டியாலேயே பொருத்தலாம். சிலவற்றுக்குத் தோள் பட்டியும் வேண்டும். உங்கள் ஆசனம் எவ்வகை என்பதை அதனோடு வந்த கைநூலில் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் கார்ப் பட்டியை முழுவதும் வெளியே இழுத்து விட்டால் அது பூட்டிக்கொள்ளும். எல்லா நாட்டு வாகனங்களிலும் அந்த அமைப்பு இல்லை. அவ்விடத்தில் பட்டியைத் தளராமல் பிடிக்க 'எச்' எழுத்து வடிவான ஓர் எஃகுக் கிளிப் உண்டு. அதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே வந்து ஓர் ஆசனம் வாங்கித் திரும்பும்போது கொண்டுபோகலாம் என்றும் எண்ண வேண்டாம். கனடாவில் அந்நாட்டு மேப்பிள் இலை முத்திரை இல்லாத ஆசனத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி செல்லாது. அதுபோலவே, யாரோ தந்த பழைய ஆசனத்தை அதன் வரலாறு தெரியாமல் ஏற்க வேண்டாம். ஒருமுறை கடும் விபத்தில் சிக்கிய ஆசனம் வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தாலும் உள்ளே பழுதுபட்டிருக்கும். பல ஆசனங்களில் பயன்படுத்தக்கூடிய கடைசி ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும்.

பொருத்தும் முறை

முன்னிருக்கையில் காற்றுப்பை இயங்கும் நிலையில் இருந்தால், பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் அங்கே வைக்கலாகாது. பை விரியும் வேகம் ஆசனத்தின் முதுகில் அறைந்து குழந்தையின் உயிரையே போக்கிவிடும். பின்னிருக்கையே உகந்தது.

ஆசனத்தைப் பொருத்திய பின், பட்டி செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் போதிய இறுக்கமில்லை. குழந்தையின் தோள் பட்டி, பின்னோக்கிய ஆசனத்தில், தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ புறப்பட வேண்டும். தோளருகே பட்டியை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கினால் பிள்ளைக்கு நோகும் என்று அஞ்ச வேண்டாம்; தளர்ந்த பட்டியே நோவைத் தரும்.

நுவரெலியாவுக்குச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிருக்குத் தடித்த கம்பளிச் சட்டையை அணிவித்து அதன் மேல் பட்டி போட்டால், மோதலின்போது கம்பளி அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய சட்டையோடு பட்டியைப் பூட்டி, அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள். தம்புள்ளை, சிகிரியா பக்கம் செல்வோருக்கு எதிர்மாறான கவலை. வெயிலில் நிறுத்திய வண்டியில் கொளுக்கியின் உலோகம் சுடும். இறங்கும்போது ஆசனத்தைத் துவாயால் மூடிவிட்டு, ஏறும்போது கையால் தொட்டுப் பார்த்தே பிள்ளையை வையுங்கள். பிள்ளை உள்ளே இருக்கையில் ஆசனத்தைத் துணியால் மூடலாகாது. ஒரு நிமிடமேனும் அதை வண்டியில் தனியே விட்டுச் செல்லவும் கூடாது.

வண்டிக்குள் உருளக்கூடியவற்றையும் மறவாதீர்கள். குருநாகல் வழியே வரும்போது தேங்காய் வாங்காதவர் யார்? பலாப்பழம் ஏற்றாதவர் யார்? மோதல் நேர்ந்தால் அவையெல்லாம் பீரங்கிக் குண்டுகளாகும். அவற்றைப் பின்பகுதியில் கட்டி வையுங்கள்.

ஆசனம் பிரயாணத்துக்கேயன்றி உறக்கத்துக்குரிய தொட்டிலன்று. சாய்ந்த நிலையில் நெடுநேரம் உறங்கினால் சிசுவின் தலை முன்னே கவிழ்ந்து மூச்சுத் தடைப்படக்கூடும். இரண்டு மணிக்கொருமுறை நிறுத்தி எடுத்துவிடுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு அரை மணி நேரமே போதும். வீட்டை அடைந்ததும், உறங்குகிறதே என்று ஆசனத்தோடு தூக்கிக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்துவிடாமல், எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்றுண்டு. அதை நாம் விலை கொடுத்துக் கற்றோம். பிள்ளை அழுதால், முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். பிறகே பட்டியைக் கழற்ற வேண்டும். இந்த வரிசை எக்காரணத்தாலும் மாறலாகாது. இருட்டிவிடுமே என்றும், கொஞ்சத் தூரந்தானே என்றும் தோன்றும். வண்டியிலுள்ள மூத்தவர்கள் அப்போது பேசாமலிருந்தாலே பெரிய உபகாரம்.

ஆசனம் இல்லாதோர்

இவ்வளவும் கார், வான் வைத்திருப்போருக்கும் வாடகைக்கு எடுப்போருக்கும் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம்மில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலுமே செல்கிறோம். பட்டி இல்லாத இடத்தில் ஆசனத்துக்கு வேலையில்லை. ஆயினும் செய்யக்கூடியவை சில உண்டு. கைக்குழந்தையோடு பஸ்ஸில் ஏறினால், முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் அருகேயுள்ள இருக்கைகளைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். இரவுப் பிரயாணத்தையும், போட்டியிட்டு ஓடும் வண்டியையும் தவிருங்கள். புகையிரதம் செல்லும் இடத்துக்கு அதிலேயே செல்லுங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து யாத்திரைக்கு வான் பிடிக்கும்போது, பட்டியுள்ள வானாகக் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் உறைகளுக்குள் புதைந்த பட்டிகள் தாமே வெளியே வரும். மெதுவாகச் செல்லும்படி சாரதியிடம் சொல்வதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை.

சகோதரியின் கதையை முடித்துவிடுகிறோம். இரண்டு வாரத்தின் பின் அவர்கள் தம்புள்ளைக்குச் சென்றார்கள், நாமும் சென்றோம். இம்முறை பேத்தியை ஆசனத்தில் இருத்தியவர் சகோதரியே. பட்டியைப் பூட்டி, இரு விரலால் கிள்ளிப் பார்த்து, போதாதென்று மகனை அழைத்து இன்னும் சற்று இறுக்கச் சொன்னார். பின்னர் தமது பட்டியையும் போட்டுக்கொண்டு அருகில் அமர்ந்து, ஒரு விரலை நீட்டினார். குழந்தை அதை முழுக் கையாலும் பற்றிக்கொண்டது. நாலந்தாவைக் கடக்கும்போது அழுகை தொடங்கிற்று. நாம் வாய் திறக்கவில்லை. சகோதரிதான் சாரதியிடம், "தம்பி, நிழலாகப் பார்த்து நிறுத்துங்கள்" என்றார்.

மரநிழலில் வண்டி நின்றது. இயந்திரம் ஓய்ந்த பிறகு பட்டியைக் கழற்றிப் பேத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தோனியாரும் நடந்துதானே போனார்; வானிலா போனார்?" என்று எம்மைப் பார்த்துச் சொன்னார். அரை மணி நேரம் அங்கே இருந்தோம். யாருக்கும் அவசரமில்லை.